நான்கு விரலும் முன்னால்

ஐப்பசி 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். யுத்தத்தால் சார்ட் காகிதம் கிடைக்கவில்லை. பழைய காலண்டர்களை ஒட்டிப் பறவைப் படம் வரைய வேண்டும். வெள்ளியன்று பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். பாடப்புத்தகம் அவர் எழுதியது. அதில் உள்ளபடியே படம்: தகைவிலான் குருவிக் குடும்பம், ஒரு கிளை, ஐந்து பறவைகள். ஐந்தாவது பெரிய உழவாரன்.
என் வேலை நிரந்தரமாவது அவர் கையில். பெரிய டீச்சர் இரண்டு தடவை நினைவூட்டினார்கள்.

10, செவ்வாய்
நார்த்தாமலையில் கல் உடைக்கும் அழகம்மை சாக்கில் ஒரு பறவை கொண்டுவந்தாள். மழையில் பாறையில் மோதி விழுந்ததாம். பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, அரிவாள் இறக்கை. பெரிய உழவாரனேதான்.
"கொம்புல வெச்சேன் டீச்சர், ஒக்காரத் தெரியலைங்க. பாறையில வெச்சா அப்புடியே தொத்திக்கிருது."
மதியம் இறந்தது. அதன் காலைப் பார்த்தேன். நான்கு விரலும் முன்னால். தகைவிலானுக்கு ஒன்று பின்னால். அது இருந்தால்தான் கிளையைப் பிடிக்கலாம். அப்படியானால் குடும்பமே வேறு. கோயில் மண்டபத்தில் கூடு கட்டும் சின்ன உழவாரன்தான் இதற்கு உறவு. அதிலும் இது தனி ஜாதியாக இருக்கலாம்.
மூன்று வருஷம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கோபம்.

11, புதன்
கம்பவுண்டரிடம் ஸ்பிரிட் வாங்கிப் பறவையைப் புட்டியில் போட்டேன். சோப்பு வாங்க மறதி.
படத்தில் கிளையில் நான்குதான். உழவாரனுக்குத் தனியே ஒரு பாறை.
பெரிய டீச்சர்: "பறவைக்குமா ஜாதி பிரிப்பீங்க? பாக்க ஒண்ணாத்தானே இருக்கு."
"பாக்க மட்டுந்தாங்க."
"வேலை வேணுமா, வேணாமா?"
"வேணுங்க."
படத்தை மாற்றவில்லை.

13, வெள்ளி
வெயில். இன்ஸ்பெக்டர் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "புத்தகத்துல இப்படி இல்லையேம்மா."
புட்டியை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரல்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.
"புத்தகத்துல உள்ளபடி நடத்துங்க."
நான் செய்தது தப்பு என்று அவர் சொல்லவில்லை. கவனித்தேன். நீட்டிய புட்டியை நான் கீழே வைக்கவில்லை.

16, திங்கள்
உத்தரவு வந்தது. நிரந்தரம் இன்னும் ஒரு வருஷம் கழித்து. படத்தை எடுத்துவிட வேண்டும். படித்ததற்குக் கையெழுத்து.
"படித்தேன். ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பியூன் வாங்கிப் பார்த்தார். "இப்புடி யாரும் எழுதுனதில்லீங்களே டீச்சர்."
படத்தைக் கழற்றிக்கொண்டு போனார்.
இரண்டாம் பீரியட், நாலாம் வகுப்பு. கரும்பலகை முழுக்க உழவாரனை வரைந்தேன். கால் மட்டும் தனியே, பெரிதாக. முதல் வரிசையில் ஒரு பெண்: "புத்தகத்துல வேற மாதிரி இருக்கே டீச்சர்?"
"ஆமா. புத்தகம் தப்பு. எழுதிக்கங்க."