ஏழு நாடுகளும் ஏற்ற நஞ்சுச்சரக்கு நெறி

மழை பொய்யாத நீலமுடி நாட்டை ஆளும் கோப்பெருந்திண்ணன், தமது ஆறாம் ஆட்சியாண்டில், கோடல்பட்டினத்துத் துறைக்காவலர் வேள் செங்கீரனாருக்கு விடுக்கும் திருமுகம். உம் துறையும் கலங்களும் உப்பளத்தாரும் நலம் பெறுக.

வெற்றிச் செய்தி கேளும். நம் தூதர் அல்லியங்கோதையார் கடலவையில் வென்று மீண்டார்.

சென்ற ஆண்டு உம் துறையில் பண்டம் சோதித்து முத்திரையிட்டவர் அவரே என்பதை நீர் அறிவீர். மரகதத் தீவத்து வணிகர் பயிர்ப்பூச்சிப் பொடி என்று மட்டும் எழுதிக் கொணர்ந்த மூட்டைகளுக்கு அவர் முத்திரையிட்டார். அதைத் தூவிய உழவர் பதினொருவர் மாண்டனர். கோதையார் பதினொரு வீட்டு வாயிலிலும் போய் நின்று, அது தம் கை இட்ட முத்திரை என்று மறைக்காமல் சொன்னார். பிறகு நம்மிடம் வந்து, ஏழு நாட்டார் கூடும் கடலவைக்குத் தம்மையே தூது அனுப்ப வேண்டினார்.

நஞ்சுச் சரக்கின் பெயரையும் அதன் கேட்டையும் முன்னரே எழுதியனுப்பி, பெறும் நாடு இசைந்த பின்னரே கலத்தில் ஏற்ற வேண்டும் என்பது அவர் அங்கு வைத்த கோரிக்கை. தீவத்துத் தூதர் வச்சிரதத்தரைத் தவிர அனைவரும் இசைந்தனர். ஆனால் ஒருவர் மறுத்தாலும் நெறி நிறைவேறாது என்பது அவை முறை. பொடியில் குற்றமில்லை, தூவியவர் கவனக்குறைவே காரணம் என்று வச்சிரதத்தர் இரண்டு நாள் வாதாடினார். இறந்தவர்மேல் பழி விழப் பொறாத கோதையார் மூன்றாம் நாள் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்:

"இப்பொடியை உங்கள் நாட்டு வயலில் தூவுகிறீர்களா?"

ஆணையிட்டு உண்மை சொல்லுமாறு அவைத்தலைவர் வச்சிரதத்தரைப் பணிக்கவே, அவர் தம் அரசர் அதை மூன்றாண்டுக்கு முன்னரே தடுத்துவிட்டார் என்று தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். எங்கள் வயலுக்கு ஆகாததை உங்கள் வயலுக்கு ஆகும் என்று இனிச் சொல்ல என் நா எழாது என்று கூறி, நெறியோலையில் முதல் முத்திரையை அவரே இட்டார். ஏழாம் முத்திரை விழுந்த பிறகே கோதையார் அமர்ந்தார். அமர்ந்ததும் முகம் பொத்தி அழுதார். அவை முழுவதும் அவருக்காக எழுந்து நின்றது.

ஆகவே நாம் பணிப்பது: நம் முன்னிசைவு ஓலையின்றி வரும் நஞ்சுச் சரக்கு ஒரு பிடியும் கரையேறலாகாது. இதைச் சந்தைதோறும் முரசறைந்து சொல்லுக. உம் துறைவாயிலில் அப்பொடி முந்நூறு மூட்டையோடு காத்து நிற்கும் தீவத்துக் கலத்தை இவ்வோலை கண்ட பொழுதே திருப்புக. நாளை மறுநாள் கோதையார் அங்கு வந்து சேர்வார். அவர் தேரை விட்டு இறங்குமுன் அக்கலத்தின் பாய் கடலில் மறைந்திருக்க வேண்டும்.

நம் நீலமுடி முத்திரை இட்டோம். இது நம் ஆணை.