அனுப்பாமல் வாசித்த கடிதம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையில் இங்கே மூன்று பேரும் சுகம், வாண்டின் மூக்கு ஒழுகலைத் தவிர. பதினோரு வயதாகியும் கைக்குட்டை அவளுக்குப் பகை. “பெரியம்மாவுக்கு எழுதிடுவேன்” என்று சொன்னால் மட்டும் சட்டைக் கையை மூக்கிலிருந்து எடுக்கிறாள்.

ஒரே ஊரின் இரண்டு மூலையில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான் என்று இவர் கேலி செய்கிறார். “போன்ல பேசினா நீ அழுவ, நான் அதட்டுவேன், தாள்தான் நமக்கு நல்லது” என்று நீ சொன்னதைச் சொன்னேன். சிரித்தார்.

எங்கள் வீட்டு ஹாலில் ஏழு நாற்காலியோடு ஆரம்பித்த சபைக்கு இந்த மாதம் எட்டு வயது. இப்போது டயர் கடை மாடியில் நானூறு பேர். சனிக்கிழமை ஊழியம் பற்றி எழுதியிருந்தேனே, வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது? “பிரசங்கம் பண்ணாதீங்க, பீரோவைத் தூக்குங்க” என்பார் இவர். எல்லாம் இறக்கி முடித்த பிறகு சபையின் அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அப்படித்தான் பாதிப் பேர் வந்தார்கள்.

ஒரு நல்ல செய்தி. ஏப்ரலில் உன் பகுதியில் கிளைச் சபை தொடங்குகிறோம். உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நடனப் பள்ளியின் மாடியில். பெண்கள் குழுவை நான் நடத்த வேண்டும். அதற்கு ஆறு வாரப் பயிற்சி நடக்கிறது. இனி வாராவாரம் உன் பக்கம் வருவேன். தப்பிக்க முடியாது.

உன் பாப்பா

ஜனவரி 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முப்பத்தெட்டு வயதில் உன்னைப் ‘பாஸ்டரம்மா’ என்கிறார்களாம். வீட்டில் உன்னைப் பாப்பா என்று கூப்பிட இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்பதை அவர்களிடம் சொல்லிவிடாதே, மதிப்புக் குறைந்துவிடும்.

உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தை நேரில் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில், இரண்டாவது மாடியில், ஒரு பல் டாக்டர் குடிவந்திருக்கிறார். தனியாக இருக்கும் பெண். லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. நோயாளி சாய்ந்து உட்காரும் அந்தப் பெரிய நாற்காலியை ஆறு பேர் படியில் ஏற்றினார்கள். சுவரில் ஒரு கீறல் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. என் கல்லூரியில் ஒரு மேசையை நகர்த்தவே மூன்று கடிதம் எழுத வேண்டும். நான் தண்ணீர் கொடுத்தேன். அட்டையை நீட்டினார்கள். “நான் ஏற்கெனவே குடியிருக்கேன்பா, எனக்கு எதுக்கு?” என்றேன். ஒரு பெண், “அதனால என்ன ஆன்ட்டி, மனசு மாறினா வாங்க” என்றாள். மனசை மாற்றுவதற்கும் ஆறு பேர் வருவீர்களா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

எனக்கு நம்பிக்கை குறைவு என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாற்காலி ஏறியதைப் பார்த்தபோது, உன் வீட்டுக்காரர் ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்கிறார் என்று நினைத்தேன். அவரிடம் சொல்.

நீ இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சபைக்கு வருகிற சாக்கிலாவது வா. அது என்ன பயிற்சி, ஆறு வாரத்துக்கு?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 19

பாப்பாவுக்கு,

உன் பதில் வரவில்லை. வேலை இருக்கும். நான் எழுதுவது வேறு காரணத்துக்காக.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேனில் ஏறிப் பல் டாக்டர் சபைக்கு வந்தார். திங்கட்கிழமை மாலை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார். கையில் பழம். உட்காரச் சொன்னேன். என் அலமாரியில் இருக்கிற நம் இருவரின் போட்டோவைப் பார்த்தார், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

“மேடம், பாஸ்டரம்மா உங்க தங்கச்சின்னு அந்தப் போட்டோவைப் பாத்ததும் புரிஞ்சுகிட்டேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அவங்க உங்கள மன்னிச்சிட்டாங்க.”

“எதுக்கு?” என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? நேத்து மேடையில கடிதம் வாசிச்சாங்களே. நாங்க எல்லாரும் அழுதுட்டோம்.”

அம்மாவின் சாவைப் பற்றி என்றார். பழத்தை வைத்துவிட்டுப் போனார். போகும்போது, “எல்லாரும் தப்பு செய்யறவங்கதான் மேடம்” என்றார். நல்ல பெண். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

எனக்கு எழுதிய கடிதத்தை நானூறு பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதப்பட்டவளுக்கு மட்டும் வந்து சேரவில்லை. அதை அனுப்பு. திருத்தாமல், வாசித்தபடியே.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆறு நாள் தூங்கவில்லை. இப்படி உன் காதுக்கு வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

பயிற்சியின் கடைசி வாரத்துக்கு ‘மன்னிப்பு வாரம்’ என்று பெயர். குழு நடத்தப்போகிற ஒவ்வொருவரும், தனக்குத் தீங்கு செய்த ஒருவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை அனுப்பக்கூடாது, அனுப்பினால் சண்டையாகிவிடும் என்பார்கள். சபை முன்னால் நின்று வாசித்து, பிறகு கிழித்துவிட வேண்டும். யார் பெயரையும் சொல்வதில்லை, உறவை மட்டும்தான் சொல்வோம். இது யாரையும் குறை சொல்ல அல்ல அக்கா, நம் பாரத்தை இறக்கி வைக்க.

நான் வாசித்ததைக் கிழித்துவிட்டேன். நகலில் இருந்து எழுதுகிறேன்:

“என் அக்காவுக்கு. பதினொரு வருடத்துக்கு முன் நம் அம்மா இறந்தபோது, நான் இதே ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். நீ எனக்குச் சொல்லவில்லை. அம்மா கடைசி நேரத்தில் என்னைக் கேட்டார், நீ என்னைக் கூப்பிடவில்லை. அடக்கம் முடிந்து பத்தாம் நாள் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ‘நான்தான் முடிவு பண்ணேன்’ என்றாய். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அம்மாவின் முகத்தை நீ என்னிடமிருந்து திருடிக்கொண்டாய். பதினொரு வருடம் உன்னை வெறுத்தேன். இன்று உன்னை மன்னிக்கிறேன்.”

அவ்வளவுதான். ‘அம்மா என்னைக் கேட்டார்’ என்ற வரி நான் எழுதியது இல்லை. பயிற்சி கொடுக்கிற பெண்மணி, “இன்னும் கொஞ்சம் மனசைத் தொடணும்” என்று சேர்த்தார்கள். அதை நான் எடுத்திருக்க வேண்டும்.

கோபப்படாதே. உன்மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை.

உன் பாப்பா

மார்ச் 8

பாப்பாவுக்கு,

‘உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.’ இந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

அம்மா கடைசி நான்கு நாள் பேசவில்லை. யாரையும் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை, பக்கத்திலேயே இருந்த என்னையும் கேட்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்.

மற்றதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். அம்மா இறந்தது செவ்வாய்க்கிழமை காலை. ஏழு மணிக்கு உன் போனுக்கு அடித்தேன். உன் வீட்டுக்காரர் எடுத்தார். நீ அங்கே கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, அசையாமல் படுத்திருந்தாய். ஏழாவது மாதம். அதற்கு முன் இரண்டு போயிருந்தது. அவர் வராந்தாவுக்கு வந்து பேசினார். சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

“அக்கா, இப்ப சொன்னா இதுவும் போயிடும். சொல்லாதீங்க. நான் சமயம் பாத்துச் சொல்றேன்.”

ஒன்பது நாள் அவருக்குச் சமயம் வரவில்லை. ஒன்பதாம் நாள் நான் வருகிறேன் என்றபோது, “நீங்களே முடிவு பண்ணதா இருக்கட்டும்க்கா. உங்கமேல வர்ற கோவம் ஆறிடும். எங்கிட்ட வந்தா நான் எப்படி அவகூட வாழறது?” என்றார். நான் சரி என்றேன்.

முடிவு தப்பு என்று இன்றும் சொல்லமாட்டேன். வாண்டு இருக்கிறாள். நீ என்னோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தாய், அதையும் நியாயம் என்றே எடுத்துக்கொண்டேன். கண்ணீர் இல்லாததற்குக் காரணம், அந்தப் பத்து நாளில் அடக்கம், சான்றிதழ், அம்மாவுக்கு எடுத்த வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் நான் ஒருத்தி பார்த்தேன். உன் எதிரில் அழுதால் நீ எழுந்து உட்கார்ந்துவிடுவாய் என்று படியிலேயே அழுதுவிட்டு வந்தேன்.

நீ அந்தக் கடிதத்தை வாசித்தபோது அவர் எங்கே இருந்தார்? முன் வரிசையிலா, மேடையிலா? அதை மட்டும் எழுது. அவரிடம் கேட்டுவிட்டு எழுது.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

மேடையில் இருந்தார். நான் முடித்ததும் தோளில் கை போட்டு ஜெபம் பண்ணினார்.

அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. எனக்குத் தெரியும் அக்கா.

வாண்டுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு சண்டையில் அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கே உன்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் உன் நினைவே வரவில்லை. பிறகு சபை ஆரம்பித்தது. ஆத்திரத்தை வைக்க இடம் இல்லை. நீ கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை, அப்படியே போய்விட்டது.

மன்னிப்பு வாரத்தில் முதலில் அவருக்குத்தான் எழுதினேன். நான்கு பக்கம். குளியலறையில் வைத்துக் கிழித்தேன். பாஸ்டருடைய மனைவி மேடையில் நின்று, என் கணவரை மன்னிக்கிறேன் என்று சொல்ல முடியுமா? எதற்கு என்று கேட்பார்கள். இவ்வளவு பேர் நம்பி வந்திருக்கிறார்கள். ஆனால் தாளில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும். நீ சபைக்கு வருவதில்லை. உனக்கு எட்டாது என்று நினைத்தேன். எட்டினாலும் நீ தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ எப்போதும் தாங்குவாய்.

இன்னொன்று சொல்லவா? அந்த வாசிப்புக்குப் பிறகு பதினொரு பெண்கள் தங்கள் வீட்டாரோடு பேசியிருக்கிறார்கள். ஆறு வருடம் பேசாத ஒரு தாயும் மகளும் போன வாரம் சேர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். பொய்யிலிருந்து இது வருமா அக்கா? எனக்கே புரியவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு கிளைச் சபை திறப்பு. நான் வாசித்ததைப் பற்றி உன் தெருவில் எல்லாரும் உன்னிடம் கேட்பார்கள். உன் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் எதையும் சொல்லிவிடாதே. முடிந்தால் அன்றைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார். மேடைக்கு வர வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

உன் பாப்பா

ஏப்ரல் 9

பாப்பாவுக்கு,

திறப்புக்கு நான் வரவில்லை என்பதை நீ பார்த்திருப்பாய். நல்ல கூட்டம் என்று ஜன்னலில் இருந்தே தெரிந்தது.

உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் போன கடிதத்தை எழுதினேன். எழுதி முடித்ததும், உன் குடும்பத்தில் கல்லெறிந்துவிட்டேனோ என்று இரண்டு வாரம் எனக்குள் குமைந்தேன். கல்லூரியில் ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்தினேன், மாணவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நீயோ எட்டு வருடமாகத் தெரிந்துகொண்டு, எனக்கு வாண்டின் சளியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாய்.

அறியாமல் வெறுத்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கு ஒப்புக்கொண்டுதான் பழியை எடுத்துக்கொண்டேன். தெரிந்து செய்ததற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நேற்று முன்தினம் பல் டாக்டர் மறுபடியும் வந்தார். அவருக்கு ஒரு அண்ணன் இருக்கிறாராம், சொத்து விஷயத்தில் ஏழு வருடமாகப் பேச்சில்லை. ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். அனுப்பலாமா என்று தவிப்பு. என்னிடம் நேராகவே கேட்டார்: “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பாஸ்டரம்மா சொன்னது உண்மையா? நீங்க அவங்கள கூப்பிடலையா?”

உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“உண்மைதான்” என்றேன். “நான்தான் கூப்பிடல.”

“இப்ப வருத்தமா இருக்கா?”

“இருக்கு” என்றேன். அதுவும் உண்மைதான்.

அவர் கடிதத்தை அனுப்பிவிட்டார். ஆகவே உன் கணக்கில் பன்னிரண்டு பேர். அவர்களுக்காக நான் வாய் திறக்கமாட்டேன். நீ பயப்பட வேண்டாம், உன் வீட்டுக்காரரும் பயப்பட வேண்டாம்.

ஆனால் இனி எனக்கு எழுதாதே. நடனப் பள்ளிக்கு வரும்போது என் மாடிக்கு ஏறாதே. நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எங்கேயும் வாசிக்காதே, மன்னிக்கவில்லை. ஒருநாள் மன்னித்தாலும் அது உனக்குத் தெரிய வராது.

பெரியம்மா ஏன் வருவதில்லை என்று வாண்டு கேட்பாள். ஏதாவது ஒன்று சொல்லி வை. உனக்கு அது நன்றாக வரும்.

அக்கா