சீட்டுக்காக வந்த சாமி

வியாழன், அமாவாசை இரவு.

நானும் ரஃபீக்கும் ஆடும் கேமில், மனிதன் ஒருவன் சாமியாக வேண்டுமானால் அவனை ஒரே ஒருவர் முழுசாக நம்பினால் போதும். அதன்பின் அவன் சொன்னதெல்லாம் பலிக்கும், ஆனால் கோணலாக.

பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போக, மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறினோம். செம கூட்டம். சாமி வந்ததுபோல் ஆடினேன். சீட் கிடைத்தது; எக்ஸ்ட்ராவாக ஒரு பக்தையும் கிடைத்தார். அந்த அம்மா என் காலில் விழுந்தார்.

“ஆத்தா, கோச்சிக்கினு போன எம்புள்ள வருவானா?”

“நாளைக்கே ஊட்டுக்கு வருவான்டி!” என்றேன், கண்ணை உருட்டி.

அவர் அழுதேவிட்டார்.

இறங்கியதும் ரஃபீக் சிரிக்கவில்லை. “வருவான்னு சொன்ன, சரி. உசுரோடன்னு சொல்லலியேடா.”

அந்தப் பையன் நாளைக்கு வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டே படுத்திருக்கிறேன். எந்தச் சாமியிடம் என்றுதான் தெரியவில்லை.