மேலே கல், அடியில் மணல்

இடாஹோ, ஆற்றுத்திட்டு

அன்புள்ள லெனோராவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முட்டிவலி எப்படி? உலகில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை, இந்த ஆறு சாட்சியாக, இப்போது எழுதுகிறேன்.

சால்மன் மீன் முட்டையிடத் தோதான கல் இங்கே இருக்கிறதா என்று அளக்கத்தானே வந்தோம்? வியாழக்கிழமை மேலிருந்து எடுத்த படத்தில் கணினி கற்களை அளந்தபோது, குனிந்திருந்த என் வழுக்கையையும் சேர்த்து அளந்து, ஆற்றிலேயே பெரிய கல் என்று பட்டம் கொடுத்துவிட்டது! மற்றதெல்லாம் மீனுக்குத் தோதான, கைக்கடக்கமான கல். மேலிடத்துக்குப் பரம திருப்தி. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

"படம் மேல்தோலைத்தானே பாக்குது? மீன் குழி தோண்டியில்ல முட்டை போடும்!" என்றேன்.

கூட வேலை செய்யும் மார்லிஸ் சிரித்தாள். "வாய வச்சிக்கிட்டு சும்மா இரு மாமா. தோண்டினா இன்னும் ஒரு மாசம் இங்கதான். அத்தை உன்னை மறந்தே போயிடுவாங்க."

"மறக்கட்டும்! எடு மண்வெட்டிய!"

பாதாளம் வரை தோண்டினோம். "எங்க கூரையப் பொத்துட்டியேய்யா!" என்று கீழே யாரோ கத்திய பிறகுதான் நிறுத்தினோம். அள்ளியதைச் சலித்து, மேலிடத்தின் மேஜையில் ஒரு மலையாகக் கொட்டி, "மீன்கள் சார்பில் வந்திருக்கேன்!" என்று முழங்கினேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் நொறுங்கிற்று.

கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்பு. ஆற்றிலேயே பெரிய கல்லுக்குக் குளிர்கிறது. ஹக்கிள்பெரிப் பழ ஜாமும் அனுப்பு, புட்டியில் உன் கையாலேயே பெயர் எழுதி. தபால்காரன் ஹாரன் அடிக்கிறான்.

இத்தனையிலும் ஒன்று மட்டும் நிஜம், லெனோரா. கல்லுக்கு அடியில், முட்டைகளை மூச்சுத்திணற வைக்கிற மணல்தான் இருந்தது. வேலை நீண்டுவிட்டது. இந்த மாதமும் நான் வரவில்லை.

உன் வழுக்கைக் கல்,
ஓர்வில்