பிரேக் இல்லாத வண்டி

அங்கிள்,

இன்று காலை இவருடைய முழங்காலுக்குப் பூச ஆமணக்கெண்ணெய் சூடாக்கினேன். பேச்சுப் பராக்கில் எண்ணெய் கருகிவிட்டது. அந்தப் புகை மணத்தோடு நீங்களும் குசினிக்குள் வந்துவிட்டீர்கள்.

வெக்ஸ்போர்ட்டில் உங்கள் வீட்டு பேஸ்மென்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம். நான் மீன் பொரித்தால் மேலே யன்னலை அடித்துச் சாத்துவீர்கள். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டீர்கள், யன்னல்தான் பேசும். அதை நான் மறக்கவில்லை. ஒருநாள், பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்க வைத்திருந்த ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை என் கையில் கண்டீர்கள். வாங்கி மணந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கி நின்றீர்கள். உங்கள் இங்கிலீசு எனக்குப் பாதிதான் விளங்கும். மகள்தான் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அங்கிள் இளந்தாரியிலை மோட்டச்சைக்கிள் ரேஸ் ஓடினவராம். உந்த எண்ணெய்தானாம் இஞ்சினுக்கு விடுறது."

"எங்கடை வயித்துக்கு விடுறதையோ?" என்றார் இவர்.

அன்றுதான் எங்களைக் கராஜுக்குள் கூட்டிப்போய், ஆணியில் தொங்கிய இரும்புச் சப்பாத்தைக் காட்டினீர்கள். இங்கிலாந்தில் அந்தப் பந்தயம் தொடங்கிய புதிதில், கரிச்சாம்பல் கொட்டிய வட்டத்தில் ஓடியவர் நீங்கள். இடப்பக்கம் மட்டுந்தான் திரும்புவது. இடது காலில் அந்த இரும்பை மாட்டி, நிலத்தில் தேய்த்துக்கொண்டே வழுக்கிப் போவது. வண்டிக்குப் பிரேக் கிடையாது என்றீர்கள். நான் நம்பவில்லை. மகள் திருப்பிக் கேட்டுச் சொன்னாள்: "பிரேக் இருந்தால் பயந்தவன் பிடிச்சிடுவானாம். பின்னாலை வாறவன் அவனுக்கு மேலை ஏறிடுவானாம்."

உங்கள் கூட்டாளி ஒருவர் பயந்து வேகத்தைக் குறைத்து விழுந்தார். பின்னால் வந்தது நீங்கள். விலத்த முடியவில்லை. அதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் அந்த இரும்பையே துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு பந்தயத்தை விட்டுவிட்டுக் கப்பலேறி, இந்தப் பனி நாட்டுக்கு வந்து கார் திருத்தினீர்கள்.

எனக்குக் கார் ஓட்டப் பழக்குகிறேன் என்றதும் நீங்கள்தான். "உந்தக் கிழவன் உன்னைக் கொல்லத்தான் போறான்" என்றார் இவர். தார் தெரியாமல் பனி உறைந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெறுமையான மாதாகோயில் கார் பார்க்கில், வேண்டுமென்றே வழுக்கவைத்தீர்கள். கார் பம்பரமாய்ச் சுற்ற, என் கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. உங்கள் கைத்தடி என் கணுக்காலில் விழுந்தது. பின் சீற்றில் மகள் அழுதழுது மொழிபெயர்த்தாள்: "காலை எடுக்கட்டாம் அம்மா. பின்பக்கம் எங்கை இழுக்குதோ அங்கையே ஸ்டியரிங்கை வளைக்கட்டாம்."

பெற்ற தகப்பன்கூட என்னை அடித்ததில்லை. உங்கள் செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் அந்தக் கணுக்கால்தான் ஞாபகத்தில் நின்றது.

போன கிழமை, நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்த இவரை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். அஜின்கோர்ட்டில் திரும்பும்போது கண்ணுக்குத் தெரியாத ஐஸ். காரின் பின்பக்கம் எதிரே வந்த லொறியை நோக்கி இழுத்தது. இவர் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்தினார். என் கால் பிரேக்குக்குப் போகவில்லை, அங்கிள். கணுக்காலில் சுள்ளென்று பட்டதுபோல் தானாக விலகியது. இழுத்த பக்கமே வளைத்தேன். கார் ஒருமுறை ஆடி நேரானது. லொறி கத்திக்கொண்டு போனது.

வீட்டடிக்கு வந்ததும் இவர் பெல்ட்டைக் கழற்றியபடி சொன்னார்.

"அந்தக் கிழவனுக்கு ஒரு பூசை ஒப்புக்குடு."

ஒப்புக்கொடுத்துவிட்டேன். எண்ணெய் பூசிய காலை நீட்டிக்கொண்டு இவர் இப்போது குறட்டை விடுகிறார். முந்தியெல்லாம் அந்தச் சத்தத்துக்குத் தலையணையால் காதைப் பொத்துவேன். இன்றைக்குக் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

கைத்தடியால் அடித்ததை இன்றோடு மன்னித்துவிட்டேன். யன்னலை அடித்துச் சாத்தியதை மன்னிக்கவில்லை. அது கிடக்கட்டும். ஏதாவது ஒன்று மிச்சம் இருந்தால்தானே உங்களோடு கதைக்கலாம்.