தாய்மாமனின் காய்ச்சல்

செப். 4, வியாழன்

எழுந்ததும் முதல் வேலை, இவருடைய பட்டு வேட்டியை அலசினேன். நேற்று நிச்சயதார்த்தத்தில் வாந்தி. வெளியே ஒரே புழுக்கம்.

குடல்வால் ஆபரேஷன் முடிந்து திங்களன்றுதான் வீட்டுக்கு வந்தார். நேற்று இவர் அக்கா மகள் கீதாவுக்கு நிச்சயம். தாய்மாமன் மாலை போட்டால்தான் பெண் மணையில் உட்காரும். போட்டார். கை நடுங்கியது. பாசம் என்றார்கள்.

வேட்டியைக் காயப்போட்டுவிட்டு எழுப்பினேன். என்னை யாரென்று தெரியவில்லை. கை கால் ஜில். மூச்சிரைப்பு. ராத்திரியிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. அதே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ.

ஐ.சி.யூ. டாக்டர், சின்னப் பெண்: "செப்சிஸ்ங்க. வயித்துல சீழ் கட்டி, கிருமி ரத்தத்துல கலந்திருக்கு. பிரஷர் எறங்கினே போகுது. கிட்னியும் அடிவாங்குது."

எந்தக் கிருமி என்று பார்க்க ரத்தம் கல்ச்சருக்கு. ரிசல்ட் வரும்வரை காத்திருக்க முடியாதாம், ஆன்டிபயாடிக் உடனே. சலைன், ஆக்சிஜன், பிரஷரை ஏற்ற மருந்து. குழாய் வைத்துச் சீழ் எடுத்தார்கள்.

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஜுரம் இருந்துச்சா?"

இல்லை என்றேன். நர்ஸ் பார்த்தபோது நார்மல்தானே.

செப். 5, வெள்ளி

அப்படியேதான் இருக்கிறார். வாங்க: டயப்பர், டிஷ்யூ. சார்ஜர் மறந்துவிட்டேன்.

அண்ணி (இவர் அக்கா) விபூதியோடு வந்தார். கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, பெருமையாக:

"திங்கக்கெழம நீ குளிக்க வூட்டுக்குப் போயிருந்தியே, அப்ப ஒடம்பு கொதிச்சுது சுமதி. டாக்டரு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு ஜுர மாத்திர குடுத்து எறக்கிட்டேன். இல்லன்னா வுட்டிருப்பாங்களா?"

"எங்கிட்ட சொல்லவே இல்லியே அண்ணி."

"சொன்னா? காலேஜு படிச்சவ, தெர்மாமீட்டர தூக்கினு வந்து நிப்ப."

ஜுரம் ஒன்றுதான் எங்களுக்குச் சொல்ல வந்தது. அதன் வாயையும் அண்ணி பொத்திவிட்டார்.

செப். 7, ஞாயிறு

பிரஷர் மருந்தைக் குறைத்துவிட்டார்கள். கல்ச்சர் வந்தது, ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். சிறுநீர் இறங்குகிறது. பையில் அந்த மஞ்சளைப் பார்த்து அழுதேன்.

கண் திறந்தார். முதல் பேச்சு: "கீதாவுக்கு மால போட்டனா?"

போட்டீர்கள். உயிரையும் பணயம் வைத்து.

சாயந்திரம் அண்ணியின் கணவர் வார்டில் சத்தம் போட்டார்: "ஜுரம் பாக்கக்கூட தெரியாதவளுக்கு எதுக்குய்யா சம்பளம்?" திங்களன்று டெம்பரேச்சர் எடுத்த நர்ஸ் ஸ்டெல்லா தலை நிமிரவில்லை. பக்கத்தில் அண்ணி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

நாளை சூப்பிரண்டெண்ட் விசாரணை. கூட்டுகிற அம்மா சொன்னார்: "அது கான்ட்ராக்ட்டு பொண்ணும்மா. நாளைக்கே அனுப்பிடுவாங்க."

அண்ணி என் கையைப் பிடித்தார். "நீயும் வந்து ரெண்டு வார்த்த சொல்லு. பொண்டாட்டி சொன்னாத்தான் எடுபடும்."

"வரேன் அண்ணி."

இவர் தேறி எழுந்து, என் அக்காவை நீ எப்படிக் காட்டிக்கொடுக்கலாம் என்று என்னைக் கேட்பார். கேட்கட்டும். கீதா கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வராது. வர வேண்டாம்.

நாளை போவேன். அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிடுவேன்.