காலிப் பெட்டியின் விசில்

சோஸ் மலால் கிளைடர் முகாம்

அன்பு எர்மெலிந்தாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்; என் தொப்பை அதைவிட நலம்.

எஞ்சின் இல்லாத இந்தக் கிளைடர் விமானம் எங்கே இறங்கினாலும் நீளப் பெட்டி வண்டியோடு போய் அதை ஏற்றி வருவதுதானே என் பிழைப்பு. போன வாரம் பைலட் லௌதாரோ மலையில் மோதி அலையாய் மேலெழும் காற்றைப் பிடித்து வடக்கே போனார். "யோவ் தொப்பை, மாத்தே டீக்குத் தண்ணி வை, இருட்டுறதுக்குள்ள வந்துடுறேன்" என்று ரேடியோவில் சிரித்தார். இன்னும் வரவில்லை. மலையில் யாராவது மேய்ப்பர் வீட்டில் ஆட்டுக்கறி தின்றுகொண்டிருப்பார், நீ கவலைப்படாதே. தேடுவதை மட்டும் நேற்று நிறுத்திவிட்டார்கள்.

பெட்டி காலியாக நிற்பதால் காற்று அதன் ஓட்டையில் புகுந்து விசிலடிக்கிறது. அவர் கிளைடர் தரையிறங்கும்போது வரும் அதே சத்தம். ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடி வானத்தைப் பார்க்கிறேன்.

"என்ன மாமா, பொட்டி கூப்பிட்டுச்சா?" என்று சமையல்காரி ஸுலேமா கிண்டலடிப்பாள். இன்று எனக்கு முன்பே அவள் வெளியே நின்றிருந்தாள்.

ஓட்டையை அடைக்க என் பழைய கம்பளியைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். வேண்டாம். அடைத்துவிட்டால், அவர் நிஜமாகவே வரும்போது நான் ஓடாமல் இருந்துவிடுவேன். காலுறை மட்டும் அனுப்பு.

அடுப்பில் அவருக்கு வைத்த தண்ணீர் கொதிக்கிறது. போகிறேன்.

உன்
ரமீரோ